மேரிசெல்வி தின்று காட்டிய மீன்

மனுஷர்கள் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. உறிஞ்சுகிற சத்தம், முழங்கை வரை வழிகிற குழம்பு, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு, எதுவும் ஆகாது. கல்யாண வீட்டில்கூடத் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்து, என் இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். கொழந்தசாமிக்கு நாக்கைவிட மூக்கு நீளம் என்று உப்பளத்தில் கேலி பேசுவார்கள். பேசட்டும். மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜினை ஓட்டுகிறவன் நான். அந்தப் புகையிலேயே பாதி ஆயுசு போன பிறகும் மூக்கு மட்டும் மழுங்கவில்லை.

இப்படிப்பட்ட நான், மேரிசெல்வி சாப்பிடுவதை மட்டும் தினமும் காலையில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆசையாகவே பார்த்திருக்கிறேன். யார் என்ன நினைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

உப்பளத்து மண்பாதை வந்து கடற்கரைச் சாலையில் ஏறுகிற இடத்தில் அவள் கடை இருந்தது. நாலு மூங்கில், மேலே கீத்து, உள்ளே இரண்டு அடுப்பு. விடியும் முன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள் வெயில் ஏறியதும் அங்கேதான் வந்து விழுவார்கள். கேழ்வரகுக் கூழ், பழைய சோறு, முதல் நாள் வைத்த மீன் குழம்பு. மேரிசெல்வி குண்டு. சுற்றி வளைப்பானேன், நல்ல குண்டு. அவள் உட்காருவதற்கென்றே அவள் புருஷன் சவரிமுத்து பழைய லாரிப் பலகையில் ஒரு பெஞ்சு அடித்துக் கொடுத்திருந்தான். அவளுக்கு அதில் வெட்கமெல்லாம் கிடையாது. "என் ஒடம்புதான்ணே என் கடைக்கு போர்டு" என்பாள்.

அவள் முதலில் தின்று காட்டுகிற பழக்கம் சுனாமிக்குப் பிறகு வந்தது. அந்த டிசம்பர் முடிந்து இரண்டு மாதத்துக்கு இந்தக் கரையில் யாரும் மீனைத் தொடவில்லை. கடல் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். கொண்டுபோனதை மீன் என்ன செய்திருக்கும் என்று எவனோ ஒருத்தன் வாயைத் திறந்தான், அவ்வளவுதான். வெட்டின மீன் வயிற்றில் விரல் இருந்தது என்றான் ஒருத்தன். நகம் இருந்தது என்றான் இன்னொருத்தன். பார்த்தவன் ஒருவனும் இல்லை, கேட்டவன் எல்லாம் காறித் துப்பினான். செத்துப்போனவர்களைப் பற்றி அப்படி வாய் கூசாமல் பேசின ஜனங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேரிசெல்வி சாம்பாரும் ரசமுமாக ஊற்றிப் பார்த்தாள். உப்புக் காட்டில் நிற்கிறவனுக்கு அது தொண்டையில் இறங்குமா? மார்ச் மாதம் ஒரு காலை சங்கரா மீன் குழம்பு வைத்துவிட்டாள். வாசனை பாத்தி வரைக்கும் வந்தது. வந்தவர்கள் எல்லாம் தட்டைத் தொடாமல் நின்றார்கள். உப்பு வாருகிறவர்களில் வாய்க்கொழுப்பு பிடித்தவன் ஒருத்தன், பேர் மண்ணாங்கட்டி. அவன்தான் கேட்டான்.

"இன்னாக்கா, பொணம் துன்ன மீனை எங்க தலையில கட்டுறியா?"

அவள் கோபப்படவில்லை. தன் பலகையில் உட்கார்ந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். தட்டில் சோற்றைப் போட்டு, ஒரு முழு மீனை எடுத்து வைத்து, முதலில் தலையைப் பிய்த்தாள். கண்ணை உறிஞ்சினாள். கன்னத்துச் சதையைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்து மென்றாள். அவசரமே இல்லை. நெற்றியில் வேர்வை பூத்தது. முள்ளை ஒவ்வொன்றாக உதட்டு ஓரத்தில் தள்ளி எடுத்து வைத்தாள். எங்கள் எல்லாருக்கும் எச்சில் ஊறிவிட்டது. எனக்கும்தான்.

"நான் செத்தா நீங்க துன்னாதீங்க. இருந்தா உக்காருங்க" என்றாள்.

மண்ணாங்கட்டிதான் முதலில் உட்கார்ந்தான். மறுநாளும் அவள் வாய் வைத்த பிறகுதான் தட்டு எடுத்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஏப்ரல் வந்தது, மீன் பயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. "அக்கா வாய் வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். வைத்தாச்சு என்றால் பெஞ்சு நிறையும். பக்கத்தில் லாரி நிற்கிற இடத்தில் இன்னொரு கடை இருந்தது. அங்கே வடை பெரிசு, ஃபேன் உண்டு. எங்கள் ஆட்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவில்லை. மேரிசெல்விக்கு அந்த நம்பிக்கைதான் கைமுதல். வேறு எதுவும் அவளிடம் கிடையாது.

ஜூன் மாதம் அவள் மகள் வினோதினியைப் பெண் பார்க்க வந்தார்கள். பெரிய முதலியார்சாவடி ஊர்க்காரர்கள். பையன் சரத்குமார், புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல பையன், தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா செசிலியம்மா தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண் வீட்டுப் பெரிய மனுஷனாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் அந்தக் கண்றாவியை நேரில் பார்க்க வேண்டியதாயிற்று.

மேரிசெல்வி காலையிலிருந்து நின்று செய்த இறா வடை, கோலா உருண்டை, கேசரி எல்லாவற்றையும் செசிலியம்மா விடாமல் தின்றாள். விரலை நக்கினாள். வினோதினியின் தாவணியில் கை துடைக்காத குறை. எல்லாம் முடிந்து ஏப்பம் விட்டுவிட்டுச் சொன்னாள்.

"பொண்ணு ஒல்லியாத்தான் இருக்குது. அம்மாவ பாத்தாத்தான் பயமா இருக்குது. நாளைக்கி இதுவும் இப்டி ஊதிடுச்சின்னா எம் புள்ள இன்னா பண்ணுவான்?"

சவரிமுத்து மட்டும் சிரித்தான். என்ன செய்வது என்று தெரியாத சிரிப்பு. இருந்தாலும் அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பொங்கல் கழிச்சித்தான கல்யாணம், அதுக்குள்ள கொஞ்சம் ஒடம்ப கொறைங்க. கம்பெனிக்காரங்க எல்லாம் வருவாங்க, போட்டோ எடுப்பாங்க" என்றாள் செசிலியம்மா.

எனக்கு எழுந்து நாலு கேள்வி கேட்கலாம் என்று இருந்தது. மேரிசெல்வி என் பக்கம் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். வினோதினி அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. அது தெரிந்த பிறகு எந்த அம்மா வாயைத் திறப்பாள்?

வானூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், வாரம் ஒரு நாள் டை கட்டிக்கொண்டு ஒருத்தன் வந்து உட்காருவான். உடம்பு குறைக்கிற டாக்டராம். கீழே கிரீம் பன், மேலே உடம்பு குறைப்பு. ஏறிப் போகிறவர்களில் பாதிப் பேர் இறங்கி வரும்போது பன் வாங்குவார்கள் என்று அவனுக்கும் தெரியும், பேக்கரிக்காரனுக்கும் தெரியும். படம் வரைந்து ஒட்டியிருப்பான்: இடது பக்கம் குண்டுப் பொம்பளை அழுகிறாள், வலது பக்கம் அவளே ஒல்லியாகச் சிரிக்கிறாள். மேரிசெல்வி அங்கே போய் வந்தாள். வெள்ளைக் கவரில் மாத்திரை. கவரிலும் பேர் இல்லை, மாத்திரையிலும் பேர் இல்லை.

"இது இன்னா மாத்திரை?" என்று கேட்டேன்.

"பசிக்காத மாத்திரைண்ணே. காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. பசின்னா இன்னான்னே மறந்துடுமாம்."

"சோறு போட்டு பொழைக்கிறவ பசிய மறந்துட்டு இன்னாம்மா பண்ணப்போற?"

"கல்யாணம் வரைக்கும்தாண்ணே" என்று சிரித்தாள்.

முதல் வாரம் அவளுக்கு ஒரே சந்தோஷம். யாரோ உள்ளே சுவிட்சை அணைத்த மாதிரி இருக்கிறது என்றாள். மத்தியானம் ஆனால் வயிறு கேட்கும், இப்போது கேட்கவே இல்லையாம். மறந்துபோய்ச் சாயந்திரம் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டாளாம். பிறகு வாய் காய்ந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தூக்கம் போயிற்று. நெஞ்சு அடிக்கிறது பார் என்று வினோதினி கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக் காட்டினாளாம். என் இன்ஜின் சூடேறும்போது அடிக்கிற அடி. அவள் வானூர் போய் இதைச் சொன்னதற்கு, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று சொல்லி அந்த டைக்காரன் இன்னும் கொஞ்சம் வலுவான மாத்திரை கொடுத்து அனுப்பினான். அவனையெல்லாம் மனுஷன் என்று எழுதக் கை கூசுகிறது.

வலுவான மாத்திரை வந்ததும் அவளுக்கு வாசனையே மாறிப்போயிற்று. நல்ல வாசனை எல்லாம் கெட்ட வாசனை ஆயிற்று. எண்ணெய் காய்ந்தால் குமட்டல். வெங்காயம் வதங்கினால் குமட்டல். மீன் குழம்பு கொதித்தால் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதான் கிண்டுவாள். சோறு வடித்த கஞ்சிகூட அவளுக்குச் சாக்கடையாக நாறியது. "எல்லாம் நாறுதுண்ணே. நீங்க எப்டித்தான் துன்றீங்களோ" என்று என்னிடமே கேட்டாள். பிறந்ததிலிருந்து எனக்கு இருக்கிற வியாதி அது. அவளுக்கு வந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

காலையில் அந்த முதல் வாய் வைத்தாக வேண்டுமே! பலகையில் உட்காருவாள், சிலுவை போடுவாள், சோற்றை எடுத்து வாயில் வைத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். எல்லாரும் தட்டு எடுக்கப் போனதும் அடுப்புக்குப் பின்னால் போய்ச் சாம்பலில் துப்பிவிட்டு வருவாள். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? நெருப்பு எடுக்கப் போன மண்ணாங்கட்டி பார்த்துவிட்டான்.

"அவளே துப்புறாப்பா. இன்னாத்த போட்டு வச்சிருக்கிறாளோ!"

அடுத்த நாள் பாதிப் பெஞ்சு காலி. அதற்கடுத்த நாள் நானும் இன்னும் சில பேரும்தான். மற்றவர்கள் லாரிக் கடைக்குப் போய் அந்தப் பெரிய வடையைத் தின்றார்கள். மேரிசெல்வி குண்டானை மூடிவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"எங் கையால வேணாங்கிறாங்கண்ணே. பொணம் துன்ன மீனுன்னு சொல்லிக்கிட்டே எங் கையால வாங்கி துன்னவங்க, இப்ப வேணாங்கிறாங்க."

"மாத்திரைய நிறுத்து. அவ்ளோதான்."

"நிறுத்தினா பழையபடி ஊதிடுவேன். அந்தம்மா வாயில மறுபடியும் நான் வுழ மாட்டேன். பொண்ணு ஆசப்பட்டுட்டா."

மாத்திரையை நிறுத்தவில்லை, சோற்றை விழுங்கக் கற்றுக்கொண்டாள். அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், பார்த்திருக்கவே கூடாது. மூச்சை வாயால் விடுவாள். இடது கைக் கட்டை விரலை உள்ளங்கையில் போட்டு அழுத்துவாள். சோற்றை மெல்லாமல் அப்படியே உள்ளே தள்ளுவாள். தொண்டை ஒரு தரம் எதிர்த்து ஏறி இறங்கும். கண்ணில் தண்ணீர் முட்டும். உடனே சிரிப்பாள். "நல்லாருக்குது, உக்காருங்க" என்பாள். முன்பு அவள் முகத்தைப் பார்த்தால் பசிக்கும். இப்போது பார்த்தால் எனக்குச் சாப்பிட்டதும் வெளியே வரும்போல இருந்தது. மண்ணாங்கட்டி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் தொண்டையையே பார்ப்பான். இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு, "முழுங்கிட்டா, வாங்கப்பா" என்று மற்றவர்களைக் கூப்பிடுவான். கொஞ்சம் கொஞ்சமாகப் பெஞ்சு திரும்ப நிறைந்தது. அவளும் இளைத்துக்கொண்டே வந்தாள். கழுத்துத் தோல் தொங்கியது. செசிலியம்மா பார்க்க வந்து, இப்பத்தான் லட்சணம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் கானாங்கெளுத்தி மீன் நிறைய வந்தது. பெரிய குண்டான் நிறையக் குழம்பு வைத்தாள். மீன் குழம்பை ராத்திரி படுக்கும் முன் ஒரு தரம் கொதிக்க வைத்து இறக்கி, மூடியைக் கொஞ்சம் திறந்து வைப்பதுதான் முறை. அப்போதுதான் மறுநாள் கூழுக்கு அது அமிர்தமாக இருக்கும். அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் இன்னொரு தரம் அந்த வாசனையை மூக்கில் வாங்க அவளால் முடியவில்லை. மூடியை அழுத்தி மூடி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, விறகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள். புழுக்கமென்றால் அப்படி ஒரு புழுக்கம் அன்றைக்கு.

காலையில் எனக்கு இன்ஜின் மக்கர் பண்ணியது. பம்பைக் கழற்றி மாட்டிவிட்டுக் கை, முகம், மூக்கு எல்லாம் டீசலாகக் கடைக்கு வந்தேன். மேரிசெல்வி மூக்குத் துணியோடு குண்டானைத் திறந்தாள். துணியை அவிழ்த்தாள். பலகையில் உட்கார்ந்தாள். சிலுவை போட்டாள். அன்றைக்குத் தொண்டை ரொம்ப நேரம் எதிர்த்தது. கட்டை விரலை அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"நல்லாருக்குது. உக்காருங்க."

நாங்கள் சாப்பிட்டோம். வாயில் வைத்ததுமே புளிப்பு ஒரு மாதிரியாக இருந்தது. நாக்கு நமைச்சல் எடுத்தது. பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் மேரிசெல்வியைப் பார்த்தோம். அவளே விழுங்கிவிட்டாள். பிறகு என்ன? மண்ணாங்கட்டி இரண்டாம் தரம் வாங்கி ஊற்றிக்கொண்டான்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஆரம்பித்தது. முதலில் முகம் சிவந்தது, தலை இடித்தது, பிறகு வயிறு புரட்டியது. பாத்தி வரப்பில் ஆளுக்கு ஒரு மூலையில் குனிந்து நின்று வாந்தி எடுத்தோம். வாந்தியோடு நிற்காதவர்களும் இருந்தார்கள், ஓடி ஒதுங்கக்கூட ஒரு மரம் இல்லாத இடம் அது. பளபளவென்று குவித்து வைத்திருந்த உப்பு மேல் மஞ்சளாக, சிவப்பாக, முழுசாக மீன் துண்டு. அந்தக் குவியலை அள்ளி வெளியே கொட்டச் சொல்லிவிட்டார்கள். என் மேல் வந்த நாற்றம் இரண்டு நாள் குளித்தும் போகவில்லை. ஒரே வாயோடு தப்பித்த மேரிசெல்வி குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடி ஒவ்வொருத்தருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அவள் கொடுத்த தண்ணீரையும் பல பேர் வாங்கவில்லை. தட்டிவிட்டார்கள். மண்ணாங்கட்டி மயங்கி விழுந்துவிட்டான். மினி லாரியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

யாருக்கும் உயிருக்கு மோசமில்லை. எல்லாருக்கும் ஊசி, சில பேருக்கு குளுக்கோஸ். கண் திறந்ததும் மண்ணாங்கட்டி கத்தினான்.

"நாறிப்போனது தெரிஞ்சே துன்னு காட்டினாப்பா! எங்கள கொல்லத்தான் சிரிச்சா!"

டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. மேரிசெல்வியைத் தனியாக உட்கார வைத்து, நானும் சவரிமுத்துவும் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டாள்.

"ஏம்மா, கொழம்பு கெட்டுப்போச்சுன்னு நாத்தத்துலயே உங்களுக்குத் தெரியலியா?"

"தினமும் நாறுதும்மா" என்றாள் மேரிசெல்வி. "சோறு நாறுது, எண்ண நாறுது, எம் புருஷன் நாறுறாரு. தினமும் அத முழுங்கிட்டுத்தான் சிரிக்கிறேன். இன்னிக்கி நாறினது மட்டும் நெஜம்னு நான் எப்டி கண்டுபுடிக்கிறது?"

டாக்டரம்மா அவள் நாடியைப் பிடித்தாள், பிரஷர் பார்த்தாள், முகம் மாறியது. மாத்திரைக் கவரைக் கேட்டு வாங்கினாள். அப்புறம் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். வயிறு காலியானால் அதிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து ரத்தத்தோடு மேலே போய் மூளையிடம் சோறு கேட்குமாம். சாப்பிட்டதும் போதும் என்று சொல்வதற்கு வேறு சில ஹார்மோன் இருக்கிறதாம். பேர் இல்லாத மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றாள். ஆனால் இந்த மாதிரி மாத்திரைகள் மூளையில் போய், வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொல்லுமாம். வயிறு கேட்டுக்கொண்டுதான் இருக்கும், மூளைதான் காது கொடுக்காது. நெஞ்சு படபடப்பு, வாய் காய்வது, தூக்கம் கெடுவது, குமட்டல் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதாம்.

"நெறஞ்ச வயித்துக்கு மேல ஒருத்தர் சோத்தத் திணிச்சா எப்டி இருக்கும்? அந்த மாதிரிதான் உங்களுக்கு ஒவ்வொரு வாயும் இருந்திருக்கும். இன்னும் கொஞ்ச நாள் போட்டிருந்தீங்கன்னா நெஞ்சே நின்னிருக்கும். இன்னியோட நிறுத்துங்க."

"நிறுத்தினா பசிக்குமா?" என்று கேட்டாள் மேரிசெல்வி.

"முன்னவிட அதிகமா பசிக்கும். ஒடம்பு எளைச்சா அந்த ஹார்மோன் ஜாஸ்தி சுரக்கும். எறங்கின எடைய திரும்பப் புடிக்கத்தான் ஒடம்பு பார்க்கும்."

மேரிசெல்வி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அந்த அழுகை எதற்கென்று தெரியும். நான் மறுநாளே வானூருக்குப் போனேன், அவன் டையைப் பிடித்து இழுத்து நாலு வார்த்தை கேட்பதற்கு. மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. அழுகிற பொம்பளை படம் மட்டும் சுவரில் இருந்தது. கீழே கிரீம் பன் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது.

கடை எழுந்திருக்கவில்லை. மேரிசெல்வி குழம்பு வைத்தாள், பலகையில் உட்கார்ந்து வாய் வைத்தாள், பார்க்க ஆள் இல்லை. பெஞ்சில் நாய் படுத்திருந்தது. எங்கள் ஆட்கள் அவளைத் தாண்டி லாரிக் கடைக்குப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சில பேர் மூக்கைப் பொத்திக்காட்டுவார்கள். நானும் போகவில்லை. போக நினைத்து மண்பாதை முனை வரை வருவேன், அந்தக் கானாங்கெளுத்தி தொண்டைக்கு வந்துவிடும். மழை ஆரம்பித்ததும் கீத்தைப் பிரித்துவிட்டார்கள்.

பசி திரும்பி வந்தது. வந்த பசி சாதாரணப் பசி இல்லை என்று சவரிமுத்து சொன்னான். வடித்த சோற்றை நின்றபடியே தின்கிறாளாம். வாசனை எல்லாம் பழையபடி ஆகிவிட்டதாம். தொங்கின தோல் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்த செசிலியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா சம்பந்தி, வுட்டுட்டீங்களே?" என்றாள். கல்யாணத்தை நிறுத்திவிடுவாளோ என்று இவர்கள் பயந்தார்கள். அந்தத் தலை தூக்காத பையன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி, "யம்மா, கம்முனு வா" என்றானாம். நல்ல பையன் என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே.

பொங்கல் கழிந்து மாதா கோயிலில் கல்யாண மந்திரிப்பு முடிந்தது. சாப்பாடு பின்னால் பந்தல் போட்டு. வெளியாளை வைத்துச் சமைக்கலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். மேரிசெல்வி கேட்கவில்லை. மட்டன் குழம்பு, வஞ்சிரம் வறுவல், மீன் குழம்பு எல்லாம் அவள் கையாலேயே. உப்பளத்து ஆட்கள் அத்தனை பேரையும் வீடு வீடாகப் போய் வெற்றிலை வைத்து அழைத்திருந்தாள். வராமல் இருக்க முடியாது. பரிசாக ஒரு பெரிய சில்வர் அண்டாவை ஆளுக்கொரு கை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மொய் எழுதிவிட்டு நைசாக நழுவப் பார்த்தவர்களைச் சவரிமுத்து பிடித்துப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தான்.

முன்வரிசையில் செசிலியம்மா வீட்டார் எலும்பை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் எங்கள் ஆட்கள் முன்னால் இலை, இலையில் சோறு, சோற்றில் குழம்பு. ஒரு கை கீழே இறங்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. மண்ணாங்கட்டி கையைக் கட்டிக்கொண்டு பந்தலைப் பார்த்தான்.

மேரிசெல்வி பார்த்தாள். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள். பெண்ணைப் பெற்றவள் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். அவள் மண்ணாங்கட்டிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு இலையை வாங்கிப் போட்டாள். சோறு. மீன் குழம்பு. சங்கரா மீன், தலையோடு. சிலுவை போட்டாள். ஒரு வாய் வைத்து மென்று விழுங்கினாள்.

யாரும் அசையவில்லை.

"அன்னிக்கும் ஒரு வாய் முழுங்கி காட்டினக்கா" என்றான் மண்ணாங்கட்டி. மெதுவாகத்தான் சொன்னான். பந்தி முழுக்கக் கேட்டது.

அவள் இன்னொரு வாய் எடுத்தாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள், அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மூன்றாவது வாய்க்குப் பிறகு அவள் எங்களைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தாள். சோற்றை உருட்டி உருட்டி உள்ளே போட்டாள். நெற்றியில் வேர்வை பூத்தது. குழம்பு மணிக்கட்டு தாண்டி வளையலுக்குள் வழிந்தது, அதை நக்கிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் சோறு போடுப்பா" என்றாள் பரிமாறுகிறவனிடம். மீன் கன்னத்தைப் பிய்த்தாள். முள்ளை உதட்டு ஓரத்தில் தள்ளினாள். நாங்கள் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"கருமம், கல்யாணத்தன்னிக்கும் வயித்த கட்டத் தெரியல பாரு" என்று முன்வரிசையிலிருந்து செசிலியம்மா சொன்னது கேட்டது. அவள் இலையில் எலும்பு குவிந்திருந்தது. எனக்கு எழுந்துபோய் அந்த எலும்பை எல்லாம் அவள் வாயிலேயே திணிக்கலாம் போல் இருந்தது.

மண்ணாங்கட்டி மேரிசெல்வியின் தொண்டையைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று தெரியவில்லை. எச்சிலை விழுங்கினான்.

"யக்கா, அந்தத் தலைய எனக்கு வுடேன்."

அவள் சட்டென்று இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போடா, இது என்து. உனுக்கு வேணும்னா உள்ள போயி வேற எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணை எடுத்து உறிஞ்சினாள்.

மண்ணாங்கட்டி குனிந்து தன் இலையில் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.